பத்து லட்சம் ஹிட்ஸ் யாருக்கு வேணும்?

செமஸ்டர் முடிந்து ரொம்ப நாள் கழித்து எழுதுகிறேன். இந்த முறை சண்டைக்கு வந்திருக்கிறேன். சண்டை என் வகுப்புத் தோழர்களோடுதான். படித்துவிட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்கள்.

விஷயம் இதுதான். பி.காம். படிக்கும் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து புதுக்கோட்டை மாவட்டச் செய்திகளுக்கு என்று ஓர் இணையதளம் நடத்துகிறோம். கீரமங்கலத்தில் இன்றைக்குப் பூ என்ன விலை, எந்த ஊரில் என்றைக்குக் கரண்ட் இருக்காது, தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டுக்கு அனுமதி வந்துவிட்டதா... இந்த மாதிரி. போன மாதம் எல்லோரும் உட்கார்ந்து 'பிசினஸ் பிளான்' போட்டோம். ஒருத்தன் எழுந்து போர்டில் இரண்டே வரி எழுதினான். ஒன்று, ஆறு மாதத்தில் மாதம் பத்து லட்சம் பக்கப் பார்வைகள். இரண்டு, விளம்பரக் கட்டணம் ஆயிரம் பார்வைக்கு 150 ரூபாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'நெகட்டிவ் நாராயணன்' :-)

அந்த 150 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சென்னையில் உள்ள ஒரு பெரிய தளத்தின் ரேட் கார்டைப் பார்த்துப் பாதியாக்கினானாம். சரி, பத்து லட்சம்? "ரவுண்டா இருக்குல்லடா" என்றான். இரண்டு வருஷம் காஸ்ட் அக்கவுண்டிங் படித்த வாயிலிருந்து வந்த பதில் இது. என்ன கொடுமை சார்!

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2011 கணக்கெடுப்புப்படி நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. பத்து லட்சம் பார்வை வேண்டுமென்றால் ஒரு லட்சம் பேர் மாதத்துக்குப் பத்து தடவை வர வேண்டும். அதாவது தொட்டில் குழந்தை முதல் தொண்ணூறு வயசுப் பாட்டி வரை சேர்த்து, மாவட்டத்தில் பதினாறு பேருக்கு ஒருத்தர். இப்போது எங்களுக்கு வருவது மாதம் 40 ஆயிரம் பார்வை.

இலக்கு என்பது ஆசையில் இருந்து வரக்கூடாது, செலவில் இருந்து வர வேண்டும். எங்கள் செலவு இதுதான்: ஹோஸ்டிங், டொமைன் எல்லாம் மாதத்துக்கு 500. நெட் 600. பெட்ரோல் 2,400. செய்தி சேகரிக்கும் இரண்டு பேருக்கு ஆளுக்கு 3,000. மொத்தம் 9,500 ரூபாய். இதுதான் எங்கள் இலக்கு. பத்து லட்சம் அல்ல, ஒன்பதாயிரத்து ஐந்நூறு!

"அதைத்தான்டா கூகுள் தரும்" என்கிறார்கள். கூகுள் ஆட்சென்ஸ் தமிழை அதிகாரப்பூர்வமாக ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். 2015 அக்டோபரில் இதே புதுக்கோட்டையில் வலைப்பதிவர் திருவிழா நடந்ததே, அதற்கு வந்தவர்கள் எல்லாம் தமிழ்ப் பக்கத்துக்கு அந்தக் காசு வரும் என்று நம்பியா எழுதினார்கள்? அது போகட்டும். இப்போது தருகிறார்கள், நாங்களும் போட்டிருக்கிறோம். எங்களுக்கு இதுவரை ஆயிரம் பார்வைக்கு 27 ரூபாய்தான் தேறுகிறது. அதுவும் 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். 27 ரூபாய் கணக்கில் 9,500 தேற மூன்றரை லட்சம் பார்வை வேண்டும். இப்போது வருவதைப் போல ஒன்பது மடங்கு.

ஒன்பது மடங்குக்கு என்ன செய்வோம்? செய்ததைச் சொல்கிறேன், வெட்கத்தோடு.

இரண்டு மாதத்துக்கு முன் அறந்தாங்கி ரூட்டில் ஒரு பஸ் சாலையை விட்டு இறங்கி வயலில் நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நான் வைத்த தலைப்பு: "அறந்தாங்கி அருகே பஸ் விபத்து... அலறிய மாணவிகள்!" யாருக்கும் அடிபடவில்லை என்பது ஆறாவது பாராவில்தான் இருந்தது. அன்று 11 ஆயிரம் பார்வை. எங்கள் சரித்திர சாதனை. டீ, பஜ்ஜி எல்லாம் வாங்கிச் சாப்பிட்டோம்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. மகள் அந்த ரூட் பஸ்ஸில்தான் காலேஜ் போகிறாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து போனைத் திறந்த அண்ணன் கண்ணில் பட்டது என் தலைப்பு. ஆறாவது பாரா வரை படிக்க யாருக்கு மனசு வரும்? வீட்டுக்கு அடித்திருக்கிறார். எல்லோரும் தூக்கம், யாரும் எடுக்கவில்லை. விடிகிற வரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காலையில் அக்கா என்னிடம் திட்டவில்லை. "அந்தப் பக்கத்தை இனிமே பாக்க வேணாம்னு சொல்லிட்டாருடா தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அந்த 11 ஆயிரம் பார்வைக்கு ஆட்சென்ஸில் ஏறியது ஏறக்குறைய 300 ரூபாய். ஒரு அப்பாவின் ராத்திரித் தூக்கத்தை 300 ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். தினமும் வந்த ஒரு வாசகரையும் இழந்தேன். கணக்குப் புத்தகத்தில் இந்த நஷ்டத்தை எந்தப் பக்கம் எழுதுவது?

ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்பது ஏதோ இயற்கை விதி என்று நினைக்கிறார்கள். 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் ஏ.டி.&டி. நிறுவனம் போட்ட பேனர்தான் இணைய விளம்பரங்களுக்கெல்லாம் அண்ணன். அது மூன்று மாதத்துக்கு 30,000 டாலர் என்று, நாளிதழ் இடம் மாதிரி மொத்த விலைக்கு விற்கப்பட்டது. 1996ல் புராக்டர் அண்டு கேம்பிள் யாஹூவிடம் போய், சொடுக்கினால்தான் காசு என்று பேரம் பேசியது. ஆக, விலை என்பது பேரம்தான். நாம் யாரோடு பேரம் பேசுகிறோம் என்பதுதான் கேள்வி.

நான் பேச விரும்புவது கீழ ராஜ வீதிக் கடைக்காரரோடு. மாதம் 1,000 ரூபாய், ஒரு பெட்டி விளம்பரம். பத்து கடை பிடித்தால் 10,000. செலவு போக 500 மிச்சம். இன்றைக்கு வரும் 40 ஆயிரம் பார்வையே போதும். ஒரு கடைக்கு ஆயிரம் பார்வைக்கு 25 ரூபாய்தான் விழுகிறது, 150 அல்ல. அந்த 1,000 நியாயமா என்பதையும் கடைக்காரர் பக்கமிருந்து பார்க்கலாம். ஒரு சேலைக்கு 150 ரூபாய் லாபம் என்று வையுங்கள். மாதம் ஏழு சேலை கூடுதலாக விற்றால் அவர் போட்ட காசு வந்துவிடும். "எங்கள் பக்கத்தைக் காட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி" என்று போட்டு, மாத முடிவில் எத்தனை பேர் காட்டினார்கள் என்று எண்ணிக்கொள்ளட்டும். தள்ளுபடியைக் கழித்தும் அவருக்கு நிற்கவில்லை என்றால் கட்டணத்தை நாமே குறைப்போம். சிங்கப்பூர் வாசகர் எத்தனை, உள்ளூர் வாசகர் எத்தனை என்பதையும் மறைக்காமல் சொல்வோம். சேலைக்கடைக்கு ஆலங்குடி வாசகர் வேண்டும். மனை விற்பவருக்கு சிங்கப்பூர் வாசகர் வேண்டும்.

"விகடனே போட்டி வைத்துத்தானே வளர்ந்தது?" என்று ஒருத்தன் மடக்கினான். நியாயமான கேள்வி. விளம்பர ஏஜெண்டாக இருந்த எஸ்.எஸ்.வாசன் 1928ல் ஆனந்த விகடனை வாங்கினார், குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையைக் கூட்டினார். ஆனால் அங்கே வாசகர் காசு கொடுத்து வாங்கினார். பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வாங்க மாட்டார், அது விற்பனைக் கணக்கில் உடனே தெரியும். எங்கள் கவுண்டரில் ஏமாந்து வந்தவரும் ஒன்று, விரும்பி வந்தவரும் ஒன்று. அந்த அண்ணன் இனி வரமாட்டார் என்பது எந்த கிராஃபிலும் தெரியாது.

அதனால் என் கட்சி இதுதான். பக்கப் பார்வை இலக்கை போர்டிலிருந்து அழியுங்கள். வாரம் மூன்று நாளாவது திரும்பி வருபவர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அது கூடினால் தைரியமாகக் கட்டணத்தைக் கூட்டுங்கள். குறைந்தால் தலைப்பைத் திருத்துங்கள்.

வருகிற திங்கட்கிழமை மறுபடி கூட்டம். ஐந்துக்கு நாலு என்று தோற்றாலும் போர்டில் 9,500 என்று எழுதிவிட்டுத்தான் வருவேன்.

டிஸ்கி: அந்த பஸ் தலைப்பை மாற்றிவிட்டேன். "அறந்தாங்கி அருகே வயலில் இறங்கிய பஸ்: அனைவரும் நலம்." மாற்றிய பிறகு வந்த பார்வை 14. பரவாயில்லை.