சுற்றி லிண்டல் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்

போன மாதம் எங்கள் பக்கம் ஓர் அங்கன்வாடியில் தாய்மார்களுக்குக் கூட்டம் போட்டார்கள். பாய் விரித்து முருங்கைக்கீரை, கேழ்வரகு, பச்சைப்பயறு, முட்டை, பப்பாளி என்று தட்டுத் தட்டாக அடுக்கி, நடுவில் சத்துமாவு உருண்டை. படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் எழுந்து நுண்ணூட்டச்சத்து, வளர்சிதை மாற்றம் என்று அரைமணி நேரம் பேசினார். எங்கள் கே.ஜி.கண்டிகைப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. என் பக்கத்தில் இருந்த பெண் மெல்ல, "ஏமி செப்தா உன்னாரு அக்கா?" என்றாள். "பிள்ளைக்குக் கீரை போடணுமாம்" என்றேன். அத்தனை பேச்சில் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

அவள் சத்துமாவைத் தண்ணீராகக் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கிறாள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வயிறு எவ்வளவு இருக்கும்? தண்ணீரிலேயே நிறைந்துவிடுகிறது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது, மெல்ல வழுக்கி விழ வேண்டும். அங்கேயே அடுப்பு இருந்தது. பத்து நிமிடம் கிண்டிக் காட்டியிருந்தால் ஆயுசுக்கும் மறந்திருக்க மாட்டாள். காலையில் பிள்ளைக்கு டீயில் பொறை நனைத்துக் கொடுக்கிறோமே, அந்த டீ சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது என்பதையும் யாரும் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் குழந்தைகளில், ஐந்து வயதுக்குள், 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 51 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கூடியிருக்கிறது!

இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தையா? உலக வங்கி உதவியோடு 1980-ல் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது இதே தமிழ்நாட்டில்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, ஏறாத பிள்ளைக்கு உணவு கொடுத்து, தாயோடு உட்கார்ந்து பேசினார்கள். அப்படி ஒருவர் என்னோடு உட்கார்ந்து பேச மாட்டாரா என்றுதான் ஏங்குகிறேன்.

அங்கன்வாடிக் கூட்டத்தன்று என் கண் தட்டுகளில் நிற்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து கூரைப் பக்கமாகச் சாய்வாக ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் அப்பா மேஸ்திரி. கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் சித்தாளாகக் கலவை சுமந்தவள் நான். கடைசியில், ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். "இந்தக் கட்டடத்துக்கு லிண்டலை நாலு சுவரும் சுத்திப் போட்டிருக்காங்களாங்க?" என்றேன். "சாப்பாட்டுக் கூட்டத்துல இதை ஏம்மா கேக்கறே?" என்றார் வந்தவர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் கேட்கக் கூடாது? செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். தரை பக்கவாட்டில் அசைந்தால் தாங்காது, மூலையில் பிளந்து ஆளுக்கொரு பக்கம் சாயும். கதவு ஜன்னலுக்கு மேல் போடும் கான்கிரீட்தான் லிண்டல்; அதை நாலு சுவரையும் சுற்றிக் கம்பி கட்டிப் போட்டால் மூட்டையை இறுக்கிக் கட்டின மாதிரி ஒன்றாக நிற்கும். எங்கள் பக்கம் பெரும்பாலும் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேல் மட்டும் துண்டு துண்டாகப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

"இங்கே எங்கே பூகம்பம்" என்கிறார்கள். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக் கடலில் 5.5 அளவில் வந்தது, சென்னை வரை ஆடியது. அடுத்த ஆண்டே நிலநடுக்க வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். 2021 கடைசியில் வேலூர்ப் பக்கம் சின்னதாக இரண்டு மூன்று தடவை குலுங்கியது. குஜராத் பூகம்பம் அளவுக்கு இங்கே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 2001 குடியரசு தினத்தன்று அங்கே அஞ்சார் ஊரில் கொடி பிடித்துக்கொண்டு சந்தில் ஊர்வலம் போன 185 பிள்ளைகள் மேல் இரண்டு பக்கத்துக் கட்டடங்களும் விழுந்ததைப் படித்த பிறகு, எனக்கு மண்டலம் எது என்கிற கணக்கில் நிம்மதி வருவதில்லை.

நிலம் அசையத்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் தானாகவே விழுந்து மூன்று மாணவர்கள் இறந்து போனார்கள். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் கருகிய பிறகு, 2009-ல் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பான பள்ளி குழந்தையின் உரிமை என்றே தீர்ப்பு எழுதியது. நேபாளத்தில் 1990-களிலேயே உள்ளூர்க் கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக் கட்டடங்களைப் பலப்படுத்தத் தொடங்கினார்கள். 2015 பூகம்பத்தில் அப்படிப் பலப்படுத்தியவை நின்றன, ஆயிரக்கணக்கில் மற்றவை இடிந்தன. அன்று சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. வேறு கிழமையாக இருந்திருந்தால் என்று நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

பிள்ளை இளைத்தால் "என்னம்மா வளர்க்கறே" என்று என்னைக் கேட்கிறார்கள். சரி, நான் பதில் சொல்கிறேன். அவன் தலைக்கு மேல் இருப்பதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டால் மட்டும் அது என் வேலை இல்லையாம்.

கூட்டத்துக்கு மறுநாள் அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினேன். கரணைப் பிடியால் சுவரைத் தட்டிப் பார்த்தார். விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினார். "இதைத் தாண்டுதான்னு பாரு" என்றார். நேற்று பிள்ளையை விடப் போனபோது பார்த்தேன். இரண்டு விரற்கடை தாண்டியிருக்கிறது. உள்ளே பிள்ளைகளை அந்தச் சுவர் ஓரமாகவே வரிசையாக உட்காரவைத்து முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.