யாருக்குக் கலவரம், யாருக்கு அமைதியின்மை?

சிலாவத்துறையைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். 2017இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ என்னும் கவிதைத் தொகுதி தீவிரவாதக் கருத்துகளைப் பரப்புகின்றது என்பது அவர்மீது சுமத்தப்பட்ட பிரதான பழி. ஐ.எஸ். இயக்கத்தின் கொலைவெறியைக் கண்டிக்கும் கவிதையும் அதே தொகுதியில் இருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலைப்பொழுதில் அறிந்துகொண்டிருக்கக்கூடிய விடயம் இது. ஆயினும் அவர் 19 மாதங்கள் சிறையிருந்தார். 2021 டிசெம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நூல் தமிழில் எழுதப்பட்டது. எழுதியவரும் தமிழில் சிந்திப்பவர். அப்படியிருந்தும் தமிழில் எழுதிப் பிழைக்கும் நம்மிற் பலர் அந்த நூலைத் தேடி வாசிக்கவும் இல்லை, அவருக்காக வாய்திறக்கவும் இல்லை. ‘தீவிரவாதி’ என்ற சொல் அவர்மீது ஒட்டப்பட்டுவிட்டது. அதைக் கிழித்துப் பார்க்கும் துணிவு நமக்கு வரவில்லை. இத்தகைய சொல் என்ன செய்யும் என்பதை இந்த நாட்டில் தமிழரைவிட நன்கறிந்தவர் யார்?

1979இல் தற்காலிக ஏற்பாடு என்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம், தன் பெயரிலுள்ள ‘பயங்கரவாதம்’ என்ற சொல்லுக்கு வரைவிலக்கணம் எதனையும் தரவில்லை. யார்மீது அச்சொல் ஏவப்படுகின்றதோ அவரே பயங்கரவாதி. அடையாள அட்டையிலுள்ள பெயரைக் கண்டே ‘கொட்டியா’ என்று சோதனைச்சாவடிகளில் இழிவுபடுத்தப்பட்ட ஒரு தலைமுறை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றது. அந்தத் தலைமுறையின் பேனாக்களே 2019க்குப் பின்னர் ‘முஸ்லிம் பயங்கரவாதம்’, ‘இஸ்லாமிய அடிப்படைவாதம்’ என்று தடையின்றி எழுதித் தள்ளின.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றேன். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொச்சிக்கடையிலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்டோரைக் கொன்றவர்கள் கொலைகாரர்கள். அவர்கள் தமது செயலுக்கு மதத்தைச் சான்றாகக் காட்டினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சஹ்ரான் ஹாஷிமின் பெயரை எழுதுங்கள். அவனது குழுவின் பெயரை எழுதுங்கள். அதே பேனாவால், அவனைப் பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முன்கூட்டி முறையிட்டிருந்தனர் என்பதையும் எழுதுங்கள். குழுவின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை வைக்கும்போது, முறையிட்டவனும் குண்டுவைத்தவனும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுகின்றார்கள்.

அதன் விளைவுகளுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஏப்ரல் 29ஆம் திகதி முகத்தை மறைக்கும் ஆடைகள் அவசரகால விதிகளின் கீழ் தடைசெய்யப்பட்டன. முகத்தை மறைக்காத அபாயாவையும், தலையை மட்டும் மூடும் ஹிஜாபையும், புர்காவையும் பிரித்தறியாமல் எழுதியும் பேசியும் வந்ததன் பலனை, அலுவலக வாசல்களில் திருப்பியனுப்பப்பட்ட பெண்கள் அனுபவித்தனர். மே மாதம் ஹசலகவில் ஒரு பெண், கப்பலின் சுக்கான் சக்கரம் பொறித்த உடையை அணிந்திருந்தமைக்காக, அது தர்மசக்கரம் எனக் கொள்ளப்பட்டு, இரண்டு வாரங்களுக்கும் மேலாக விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

அதே மே மாத நடுப்பகுதியில் மினுவாங்கொடையிலும் குளியாப்பிட்டியிலும் ஹெட்டிபொலவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். இவற்றுக்கு நமது செய்தி மேசைகளில் புழங்கிய சொற்கள் எவை? ‘அமைதியின்மை’, ‘பதற்றநிலை’, ‘குழப்பநிலை’. கடைகள் ‘தீக்கிரையாகின’. எரித்தவன் யார்? வாக்கியத்தில் அவனுக்கு இடமே இல்லை. தீ தானாக எழுந்து கடையைத் தின்றுவிட்டுப் போயிற்று!

1983ஐ ‘ஜூலைக் கலவரம்’ என்று எவராவது எழுதினால் நாம் கொதித்தெழுகின்றோம். கலவரம் என்றால் இரு தரப்பும் மோதியதாகப் பொருள்படும், நடந்ததோ ஒரு தரப்பின் மீதான படுகொலை என்று திருத்துகின்றோம். அத்திருத்தம் சரியானது. அதே அளவுகோல் 2014இன் அளுத்கமைக்கும் 2018இன் திகணைக்கும் 2019இன் மினுவாங்கொடைக்கும் பொருந்தாதா?

நமது வீட்டுக்குள்ளும் பார்ப்போம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். அம்மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து அவ்வாறு துரத்தப்பட்டோர் ஏறக்குறைய 75,000 பேர். அவர்களை நாம் ‘இடம்பெயர்ந்த முஸ்லிம்கள்’ என்று எழுதிவந்தோம். பறவைகள் இடம்பெயரும், வேலைதேடிப் போகும் மனிதனும் இடம்பெயர்வான். துப்பாக்கி முனையில் துரத்தப்பட்டவனுக்கு அந்தச் சொல் எவ்வாறு பொருந்தும்? துரத்தியவர்களின் பெயரை மறைப்பதற்காகவே அச்சொல் நமக்கு வசதியாக இருந்தது. அச்சம் ஒரு காரணம்தான், ஒப்புக்கொள்கின்றேன். ஆனால் 2009க்குப் பின்னர் அந்த அச்சத்தைச் சாட்டாகக் காட்ட முடியாது. ‘தொப்பி பிரட்டி’ என்ற வசைச்சொல்லைத் திண்ணைப் பேச்சில் இன்றும் கூச்சமின்றி உதிர்ப்பதற்கு எந்தத் துப்பாக்கி காரணம்?

சொற்களைப் பார்த்துப் பார்த்து எழுதினால் உண்மை மழுங்கிவிடும் என்று சில நண்பர்கள் வாதிடுகின்றனர். மழுங்கியிருப்பது இப்போதுதான். ‘முஸ்லிம் பயங்கரவாதம்’ என்பது சோம்பேறித்தனமான சொல். எந்தக் குழு, எவரின் போதனை, எங்கிருந்து பணம், எந்த எச்சரிக்கையை எந்த அதிகாரி அலட்சியம் செய்தார் என்ற கேள்விகளையெல்லாம் அது விழுங்கிவிடுகின்றது. ஏப்ரல் 21க்கு முன்னரே இந்தியாவிலிருந்து கிடைத்த எச்சரிக்கை குறித்து ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்குப் பதிலாக, அயல்வீட்டுப் பெண்ணின் ஆடையைப் பற்றி நாடே விவாதித்துக்கொண்டிருந்ததை மறந்துவிட்டோமா? பழிச்சொல்லால் இலாபமடைந்தவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்களே.

பல்லின நாடு என்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு செய்தியை அச்சுக்கு அனுப்புமுன், இச்சொல்லை என் சமூகத்தின்மீது பிறர் எழுதினால் நான் ஏற்பேனா என்று கேட்டுக்கொள்வது கடினம். கேட்டுக்கொள்ளாத குற்றம் எனக்கும் உண்டு. ‘இடம்பெயர்ந்தோர்’ என்று எத்தனையோ தடவைகள் நானும் எழுதியிருக்கின்றேன். இனி ‘விரட்டப்பட்டோர்’ என்றே எழுதுவேன். விரட்டியவர்கள் யார் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுதுவேன்.