மறுமுனையில் யார்?

பிள்ளை பரதேசம் புறப்படுகிறான் என்றால் நம் வீடுகளில் நடக்கும் அமர்க்களத்தை வாசகர்களுக்கு நாம் வர்ணிக்க வேண்டியதில்லை. ஊறுகாய் ஜாடிக்கு மூன்று சுற்றுத் துணி கட்டுவார்கள். பருப்புப் பொடியில் பெருங்காயம் போதுமா என்று பாட்டி பரிசோதிப்பாள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டாயா என்று ஆளுக்கொரு தடவை கேட்பார்கள். போரூரிலிருந்து பூந்தமல்லி வரையில், நமது காட்டுப்பாக்கம் உள்பட, வெளிதேசத்துக்கு ஒருவரையாவது அனுப்பாத தெருவைக் காண்பது அரிது. ஆனால், அங்கே அவனுக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால் எந்த எண்ணுக்கு டெலிபோன் செய்வது என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. அபசகுனம் என்று கருதுகிறார்கள் போலும்!

ஆபத்துக் காலத்துக்கென்று தனியாக ஓர் எண் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உலகத்துக்கே புதிது. 1935-ஆம் வருஷம் நவம்பர் மாதம் லண்டன் விம்போல் வீதியில் ஒரு வைத்தியர் வீடு தீப்பற்றி, ஐந்து பெண்கள் மாண்டார்கள். தீயணைக்கும் படையை அழைக்க முயன்ற அண்டை வீட்டார் டெலிபோன் நிலையத்தின் பதிலுக்காகக் காத்திருந்ததுதான் மிச்சம். அந்த விபத்தின் பலனாக 1937-ஆம் வருஷம் ஜூன் 30-ஆம் தேதி லண்டனில் 999 என்ற எண் பிறந்தது.

அந்த எண் பிற்பாடு பல தேசங்களுக்குப் பரவிற்று. சில தேசங்கள் தங்கள் இஷ்டம்போல் வேறு எண்களைச் சூட்டிக்கொண்டன. ஐரோப்பாவில் 112. சிங்கப்பூரில் போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 995. இலங்கையில் போலீஸுக்கு 119, ஆம்புலன்ஸுக்கு 1990. இந்த 1990 ஆம்புலன்ஸ் சேவை, நமது இந்திய சர்க்காரின் நன்கொடையைக் கொண்டு 2016-இல் தொடங்கப்பட்டது என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடலாம். அரபு தேசங்களின் விஷயம் இன்னும் வேடிக்கை. துபாயில் ஆம்புலன்ஸுக்கு 998, தீயணைப்புக்கு 997. எல்லையைத் தாண்டி சவூதி அரேபியாவுக்குள் போனால் இரண்டும் தலைகீழ்! அங்கே 997 ஆம்புலன்ஸ், 998 தீயணைப்பு. துபாயில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ரியாத்துக்கு மாற்றலாகிறவன், பழைய ஞாபகத்தில் மாரடைப்புக்குத் தீயணைக்கும் படையை வரவழைத்துவிடக் கூடும். ரியாத், மக்கா போன்ற இடங்களில் இப்போது 911 என்ற பொது எண் வந்துவிட்டபடியால் சங்கடம் சற்றுக் குறைந்திருக்கிறது.

நிற்க, தீயும் மாரடைப்பும் மட்டுமே ஆபத்துக்களா? நம்மவர்களில் பெரும்பாலோருக்கு நேரும் கஷ்டம் வேறு தினுசு. வேலை கொடுத்தவன் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான். நாலு மாதச் சம்பளம் தரவில்லை. எதிர்த்துக் கேட்டால் கை நீட்டுகிறான். இதற்கு 999-ஐச் சுழற்றினால் மறுமுனையில் அரபியோ ஆங்கிலமோ பேசுவார்கள். சித்தாளாகவோ, சமையற்காரராகவோ போனவர் என்ன பதில் சொல்வார்?

1894-ஆம் வருஷத்தில் டர்பனில் நடந்த ஒரு சம்பவம் இங்கே நினைவுக்கு வருகிறது. பாலசுந்தரம் என்னும் தமிழர், ஒப்பந்தக் கூலியாக நேட்டாலுக்குப் போனவர். எஜமானன் அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓர் இளம் வக்கீலின் முன் வந்து நின்று அழுதார். அந்த வக்கீல் யார் என்பது உலகம் அறிந்தது. காந்திஜி அவரை வைத்தியரிடம் அனுப்பிச் சான்று வாங்கினார். நேரே மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துப் போனார். முடிவில் வேறு எஜமானனிடம் மாற்றி விடுவித்தார். இவ்வளவும் சரித்திரப் புத்தகங்களில் உண்டு. பலரும் கவனியாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. அன்று காந்திஜிக்குத் தமிழ் தெரியாது. பாலசுந்தரத்தின் கதையை அவருக்கு எடுத்துச் சொன்னவர், அவருடைய காரியாலயத்திலிருந்த தமிழ்க் குமாஸ்தா. அந்தக் குமாஸ்தா அன்று விடுமுறையில் இருந்திருந்தால்?

அந்நாளில் ஒப்பந்தக் கூலி வேலையை விட்டு ஓடினால் அது கிரிமினல் குற்றம். இன்றைக்கும் வளைகுடா தேசங்களில் 'கபாலா' என்றொரு முறை உண்டு. வேலைக்காரனுடைய அனுமதிச் சீட்டு எஜமானனோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கத்தார் 2020-லும் சவூதி 2021-லும் இந்தக் கட்டைச் சற்றுத் தளர்த்தின. அடியோடு அறுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை சவூதியின் அந்தச் சீர்திருத்தம் எட்டவும் இல்லை. ஆகவே, பாலசுந்தரத்துக்கு வேண்டியிருந்த குமாஸ்தா இன்றும் வேண்டியிருக்கிறார்.

அவர் எங்கே இருக்கிறார் என்று பார்ப்போம். துபாயில் இந்திய சர்க்கார் 2010-இல் நம் தொழிலாளருக்கென ஓர் உதவி நிலையம் திறந்தார்கள். அதன் கட்டணமில்லா எண் 800 46342. டெலிபோன் பொத்தான்களில் உள்ள ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு பார்த்தால் பின் ஐந்து இலக்கங்களும் 'இந்தியா' என்று வரும். தமிழ்நாட்டு சர்க்காரும் அயலகத் தமிழருக்கென்று ஓர் இலாகாவே வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்குள்ளிருந்து 1800 309 3793 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். வெளிதேசத்திலிருப்போர் தங்களுக்கென்று ஏற்பட்டுள்ள தனி எண்ணை அழைத்து, ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டால் போதும். அவர்களே திருப்பி அழைப்பார்கள். 'மிஸ்டு கால்' என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். சம்பளம் வராதவன் காசு செலவழித்து முறையிட வேண்டும் என்று எதிர்பாராத இந்த யோசனை யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு நமது நமஸ்காரம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 1800 என்று தொடங்கும் எண்கள் நம் தேசத்துக்குள்ளேதான் நம்பத் தக்கவை; கடல் கடந்தவன் அவற்றை மட்டும் குறித்துக்கொண்டு போய்ப் பிரயோஜனமில்லை. அவை வீட்டிலிருப்பவர்களுக்காக ஏற்பட்டவை. அதிலும் அர்த்தம் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் போன பெண்ணிடமிருந்து முதலில் பறிக்கப்படும் பொருள் டெலிபோன்தான். அப்புறம் அவளுக்காகப் பேச வேண்டியவர்கள் காட்டுப்பாக்கத்திலிருக்கும் அம்மாவும் அண்ணனுமே.

அவர்களிடம் என்ன இருக்கிறது? "குவைத்தில் இருக்கிறாள்" என்ற ஒரு தகவல். எந்த உத்தியோகஸ்தரும் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. பாஸ்போர்ட்டின் பிரதி, விசாவின் பிரதி, ஒப்பந்தக் காகிதம், எஜமானனின் பெயர், விலாசம், டெலிபோன் எண், அனுப்பிய ஏஜெண்டின் பதிவு எண் இவ்வளவும் வீட்டு அலமாரியில் இருந்தால், முறையீடு பதிவான அன்றே தூதராலயம் விசாரிக்கத் தொடங்கலாம். 2015-இல் ஏற்பட்ட 'மதத்' என்னும் ஏற்பாட்டின் மூலம் வெளிவிவகார இலாகாவிடம் வீட்டிலிருந்தபடியே மனுச் செய்யலாம். திக்கற்றவருக்குத் தங்குமிடமும் வக்கீல் உதவியும் அளிப்பதற்கும், இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவதற்கும் 2009 முதல் தூதராலயங்களிடம் ஒரு தனி நிதி உண்டு. இது தர்மமன்று, தூதராலயங்களில் நாம் செலுத்தும் கட்டணங்களிலிருந்து சேர்வது. கூசாமல் கேட்கலாம்.

சர்க்காரிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்றே. வளைகுடா தேசங்களிலும் மலேயாவிலும் நமது தூதராலயங்களின் அவசர டெலிபோனில், இரவு இரண்டு மணிக்கும் தமிழறிந்த ஒருவர் பதில் சொல்கிறாரா? சட்டசபையிலோ பார்லிமெண்டிலோ நமது அங்கத்தினர் ஒருவர் ஊருக்கு ஊர் கணக்குக் கேட்டு வாங்கினால் நலம்.

கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறதா என்று சிலர் குறுக்கிடலாம். நம் ஊருக்கு வரும் அந்நியர்களுக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? உல்லாசப் பிரயாணிகளுக்கு 1363 என்ற எண் 2016 முதல் இருக்கிறது. ஜப்பானியம், கொரியம், அரபி, பிரெஞ்சு உள்பட 12 பாஷைகளில் பதில் கிடைக்கும். ஸ்ரீபெரும்பூதூர்த் தொழிற்சாலைகளுக்கு வரும் கொரியர்கள்கூட இதை உபயோகித்துக்கொள்ளலாம். அந்நியர் அல்லாத, ஆனால் நம் பாஷை அறியாத வட இந்தியத் தொழிலாளர் விஷயம் என்னவென்றால், 2023 மார்ச்சில் அவர்களைத் தமிழ்நாட்டில் தாக்குவதாகப் பொய்ப் படங்கள் பரவிப் பெரும் பீதி உண்டாயிற்று. அப்போது திருப்பூர் போலீஸார் ஹிந்தி பேசுவோரை அமர்த்தித் தனி எண் அறிவித்தார்கள். வதந்தியை எதிர்த்த மற்ற முயற்சிகளோடு அதுவும் சேர்ந்து, சில நாட்களில் பீதி அடங்கிற்று. காட்டுப்பாக்கத்தில் மாடி மேல் மாடியாகக் கட்டடம் எழுப்பிக்கொண்டிருக்கும் பீஹார்க் கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தால், அவருடைய தோழர் 108-ஐ அழைத்து ஹிந்தியில் இடம் சொல்லுகிறார். மறுமுனையில் அதைப் புரிந்துகொண்டு வண்டி அனுப்ப ஆள் இருக்கிறாரா என்பதையும் அந்த அங்கத்தினர் அதே மூச்சில் கேட்டுவிடட்டும்.