ஸ்காபரோ மதில்களில் எல்லா மொழியும் ஏறட்டும்

ரொறன்ரோ மாநகரசபைக்குத் தமிழ் தெரியாமல் இல்லை. 2021இல் கொவிட் தடுப்பூசிக்கு ஆட்களை அழைத்தபோது தமிழிலும் துண்டுப்பிரசுரம் வந்தது. ஊசி போட்டு முடிந்ததும் அந்தத் தாள்கள் குப்பைக்குப் போயின. கல்லிலும் வெண்கலத்திலும் நிலைப்பது பெரும்பாலும் ஆங்கிலம்தான். இந்த ஏற்றத்தாழ்வைப் பொதுக்கலையின் பேசுபொருளாக்க வேண்டும் என்று ஸ்காபரோவின் எழுத்தாளர், ஓவியர், மொழி ஆசிரியர் சிலர் சக நகரவாசிகளைக் கேட்கிறார்கள். தமிழர்களை மட்டுமல்ல, தகாலோக், உருது, சோமாலி பேசும் அயலவரையும்தான்.

வேறு மொழிகள் தெருவில் ஏறியதே இல்லை என்றல்ல. டான்ஃபோர்த் வீதிப்பலகையில் கிரேக்கம் உண்டு, ஸ்படைனாவில் சீனம் உண்டு. ஆனால் இரண்டும் ஊர் பார்க்க வருவோர் சாப்பிடப் போகும் தெருக்கள்.

இந்த எழுத்தாளர், ஓவியர், ஆசிரியர்களுக்கு வழிகாட்டியது வேறொன்று. 2013இல் அனிஷினாபே இனத்தவரான சூசன் பிளைட்டும் ஹேடன் கிங்கும் குயீன் வீதிப் பலகையின் மேல் ‘ஒகிமா மிகானா’ என்று தங்கள் மொழியில் ஒட்டினார்கள். மூன்றே ஆண்டில் டாவன்போர்ட், ஸ்படைனா வீதிகளில் அம்மொழி முறையான பலகைகளில் ஏறிவிட்டது. முதற்குடிகளின் மொழியையும் குடியேறியவர் மொழியையும் ஒரே தட்டில் வைக்க முடியாதுதான். முன்னது இந்த மண்ணின் மொழி. ஆனால் ஓர் ஒட்டுத்தாள் செய்த வேலையை மனுக்கள் செய்திருக்குமா என்பது சந்தேகமே.

மொழிகளுக்கிடையிலான இந்த ஏற்றத்தாழ்வு புதிதல்ல. 1971 ஒக்டோபர் 8இல் பிரதமர் பியர் ட்ரூடோ பன்பண்பாட்டுக் கொள்கையை அறிவித்தபோதே, அரசமொழி இரண்டுதான் என்று வரையறுத்துவிட்டார். ஒன்ராறியோ 1977இல் மரபுமொழி வகுப்புகளைத் தொடங்கியது. பிரெஞ்சுக்குத் தனிக் கல்விச்சபைகள். தமிழுக்குப் பாடசாலை விட்ட பிறகோ சனிக்கிழமையோ, வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். பனியில் பிள்ளையை ஏற்றி இறக்கும் பெற்றோருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு சுவரோவியம் விளக்கலாம்: ஐந்து நாள் படிக்கும் மொழிக்கு எவ்வளவு பெரிய எழுத்து, இரண்டரை மணி நேர மொழிக்கு எவ்வளவு என்று கணக்குப்படி வரைந்தாலே போதும்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. பெரிய கட்டடத் திட்டங்களில் கட்டுமானச் செலவின் ஒரு சதவீதத்தைப் பொதுக்கலைக்கு ஒதுக்கும்படி மாநகரசபை கேட்கிறது. சந்திகளில் நிற்கும் சிக்னல் பெட்டிகளில் ஓவியம் தீட்டவும் அதனிடம் திட்டம் உண்டு.

ஆகவே, அயலில் மாடிக்குடியிருப்புக்கான பொதுக்கூட்டம் நடந்தால் மக்கள் போய், அங்கே வரும் கலை எந்த மொழிகளில் பேசும் என்று கேட்க வேண்டும். கவுன்சிலருக்கும் எழுத வேண்டும். பத்து மொழியில் ‘நல்வரவு’ எழுதிய பலகையோடு திருப்திப்பட வேண்டாம். அது விமான நிலையத்துக்குப் போதும். கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிய தமிழை அறிவிப்புகளில் பார்த்துச் சலித்தவர்கள் இன்னொன்றும் கேட்கிறார்கள்: ஓவியருக்குக் கொடுக்கும் சம்பளப் பட்டியலிலேயே அந்தந்த மொழியில் பிழை பார்ப்பவருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும்.