கழிக்கத் தெரியாத பிள்ளையைக் கழித்துக்கட்டும் உலகம்!

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம் மக்கள் ஏமாறுவது உயர்கணிதத்தில் அல்ல. ஐந்தாம் வகுப்புக் கணக்கில்!

தண்டலையே எடுத்துக்கொள்வோம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 ரூபாய் கொடுக்கிறான். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘நூற்றுக்குப் பதினைந்துதானே’ என்கிறான். வாங்கிய 8,500க்கு 1,500 என்றால் நூற்றுக்குப் பதினேழரைக்கும் மேல்! முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுவதால் சராசரியாகப் பாதிப் பணம்தான் நம்மிடம் நிற்கிறது. அப்படிப் பார்த்தால் நூறே நாளில் நூற்றுக்கு 35! 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் தான் பறிகொடுப்பது எவ்வளவு என்றே தெரியாத தாய், காவல் நிலையத்தில் போய் என்ன சொல்வாள்?

மணலி, எண்ணூர் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையும் இதுதான். நாள் கூலி 500, வேலை 26 நாள் என்றால் 13,000. பி.எஃப்.புக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,560. அதற்கு மேல் பிடித்தால் தட்டிக்கேட்கத் துணிவு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்!

‘செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறதே’ என்பவர்களே! அது வகுத்துத் தரும். எதை எதனால் வகுப்பது என்று சொல்லித் தருமா?

நமக்கு அருகில், புழல் ஒன்றியம் அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கினார். 2025க்குள் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணறிவு என்பது இலக்கு. வரவேற்கிறோம். கெடு முடிந்துவிட்டது; விளைவு என்ன என்று ஒவ்வொரு பள்ளியும் சொல்ல வேண்டாமா? 2024 அசர் ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவின் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர்கூட இல்லை. அந்த ஆய்வு நகரத்துக்குள் வருவதே இல்லை. நம் வடசென்னைப் பிள்ளைகளின் கணக்கை யார் எடுப்பது?

ஜமாஅத் நிர்வாகிகளே! ஸகாத் நாற்பதில் ஒரு பங்கு. வாரிசுப் பங்குகளோ பாதி, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. பின்னம் தெரியாமல் ஃபராயிள் ஏது? மக்தபில் மாலையில் அரை மணி நேரம் கணக்குக்கு ஒதுக்கினால் குடியா மூழ்கிவிடும்?

ஐந்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், பின்னம், எடை, அளவு, நேரம் தெரிய வேண்டும். விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று மனதிலேயே மதிப்பிடவும் தெரிய வேண்டும். இது சலுகை அல்ல, உரிமை!

பெற்றோர்களே! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘இந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?’

பதில் எண்ணில் வரட்டும்!