கத்திக்கு முன் நிர்ணயம்

வயிற்றில் கட்டி என்று கேட்ட மாத்திரத்தில், "இன்றே அறுத்து எடுத்துவிடுங்கள், டாக்டர்" என்று மன்றாடுவது நம் குடும்பங்களின் சுபாவமாகிவிட்டது. அந்தப் பதற்றத்தில் உள்ள பாசத்தை யாரும் குறைகூற இயலாது. ஆயினும், கொழுப்பு, தசை, நார் முதலிய மென்திசுக்களில் தோன்றும் அபூர்வமான கட்டிகளைப் பொறுத்தவரை, அவசரமே நோயாளிக்குச் சத்துருவாக முடிகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

குடலுக்குப் பின்னே, சிறுநீரகத்தை அடுத்த கொழுப்பில் உண்டாகும் லைப்போசார்கோமா என்னும் புற்று, நோவு எதுவும் தராமல், வெறும் தொந்தி என்றே வீட்டார் எண்ணும்படி, சில சமயம் பல கிலோ எடைவரை வளர்ந்துவிடும். அதற்கு முதல் சத்திரசிகிச்சையே ஜீவாதாரம். கட்டியோடு ஒட்டிய சிறுநீரகத்தையும், அவசியமானால் குடலின் ஒரு பகுதியையும் சேர்த்து, உடையாமல் ஒரே பிண்டமாக எடுக்காமல், துண்டு துண்டாக எடுத்துவிட்டால், அது அதே இடத்தில் மீண்டும் தலைதூக்கும்போது முற்றிலும் களைவது மிகவும் கடினம்.

இரைப்பையிலும் சிறுகுடலிலும் தோன்றும் ஜிஸ்ட் என்னும் கட்டியோ வேறு ஜாதி. அதனுள் 'கிட்' என்ற மரபணுவின் பிறழ்ச்சியை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1998-இல் கண்டு வெளியிட்டபின், ரத்தப் புற்றுக்கென உருவான இமாடினிப் மாத்திரையே, பரவிவிட்ட ஜிஸ்டையும் பலரிடம் ஆண்டுக்கணக்கில் அடக்கிவைத்தது. அம்மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததையும், 2013-இல் உச்சநீதிமன்றம் அந்த நிராகரிப்பை உறுதிசெய்ததையும், மலிவான இந்திய மாத்திரையை விழுங்கும் ஏழை நோயாளியின் சார்பில் நான் நன்றியோடு நினைக்கிறேன். இனி, வயிற்றுச் சுவரில், பிரசவம் கண்ட இளம்பெண்களிடம் சில வேளை தோன்றும் டெஸ்மாய்ட் இருக்கிறதே, அது வேறிடம் பரவாதது. முன்பு உடனே அறுத்தார்கள், இன்று பெரும்பாலும் முதலில் கண்காணிக்கிறார்கள். சில கட்டிகள் தாமாகவே சுருங்குவதும் உண்டு.

ஒன்றுக்குக் கத்தி, ஒன்றுக்கு மாத்திரை, ஒன்றுக்குப் பொறுமை என்றிருக்க, பெயர் தெரியாமல் வயிற்றைத் திறப்பது எங்ஙனம் நியாயமாகும்? ஸ்கேன் எடுத்தபின், ஊசியால் சிறிது திசு எடுத்துச் சோதிப்பது பெரும்பாலும் அவசியம். "ஊசி பட்டால் புற்று பரவும்" என்ற பயம் ஊரெங்கும் உண்டு. அனுபவசாலிகள், முதுகுப்புறமாக, உறையிட்ட ஊசியால் எடுக்கும்போது அவ்வாறு நேர்வது மிகவும் அபூர்வம்.

ஆகவே, ரத்தக்கசிவோ குடலடைப்போ இல்லாதவரை, சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்குமுன், இத்தகைய கட்டிகளை அடிக்கடி காணும் புற்றுநோய் மருத்துவமனையின் குழுவிடம் ஒருமுறை ஸ்கேனைக் காட்டிவிடுங்கள்.