பெட்டியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்



கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் அக்கா, சில மாதங்களுக்கு முன் ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தார். பெட்டியின் மேல் மூன்று பாய்மரங்களுடன் அழகான கப்பல் படம். உள்ளே மரச்சட்டங்கள், மெல்லிய பலகைகள், நூல், துணி, சின்னச் சின்ன உலோகப் பொருட்கள். இவற்றைப் பொருத்தி மாதிரிக் கப்பல் செய்ய வேண்டும். பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்படி விற்பவர் கொடுத்துவிட்ட பெட்டி அது.

"தங்கச்சி, இப்பிடி ஐஞ்சு பெட்டி எடுத்தால், செய்து முடிச்ச கப்பலை அவையே திருப்பி வாங்குவினமாம். சீட்டுக்காசு கையிலை இருக்கு. எடுக்கட்டோ?" என்று கேட்டார்.

அக்காவின் சொந்த ஊர் வல்வெட்டித்துறை. தகப்பனார் ஓடாவி. 1930இல் அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன கதையைக் கேட்டு வளர்ந்தவர். போரில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு கண்டிக்கு வந்தவர். கப்பல் செய்ய ஆசைப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சீட்டுக்காசு மகளின் படிப்புக்கென்று சேர்த்த காசு.

எனக்குக் கப்பல் தெரியாது. அக்காவுக்கு மரம் தெரியும். இருவருமாகப் பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். அன்று கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பொருட்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். படத்தில் இருப்பதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் என்று நம்பக் கூடாது. எங்கள் பெட்டியில் கப்பிகள் குறைவாக இருந்தன.

அடுத்தது ஏரா. கப்பலின் முதுகெலும்பு அதுதான். அதை மேசைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நுனிவரை நோக்குங்கள். அக்கா பார்த்த உடனேயே, "ஏரா கோணல். இனி எது வைச்சாலும் கோணல்தான்" என்றார். வங்குச் சட்டங்களை ஏராவின் வெட்டுகளில் செருகியும் பார்க்க வேண்டும். ஆடினாலும் பிழை, அடித்து இறக்க வேண்டியிருந்தாலும் பிழை.

மூன்றாவது பலகைகள். எல்லாம் ஒரே தடிப்பாக இருக்கின்றனவா? நார் கிளம்பி இருக்கிறதா? ஒன்றை மெதுவாக வளையுங்கள். நல்ல பலகை ஓரளவு வளைந்து கொடுக்கும். வெந்நீரில் ஊறவைத்தால் இன்னும் வளையும். உலர்ந்து நொறுங்கும் பலகை கப்பலின் வயிற்று வளைவுக்கு வராது. லேசரால் வெட்டிய துண்டுகள் என்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டு மறுபக்கம்வரை போகாவிட்டால், பிரித்தெடுக்கும்போது துண்டு பிளந்துவிடும்.

நான்காவது நூலும் துணியும். நூலில் பஞ்சு பறக்கக் கூடாது. தடித்தது, மெல்லியது என்று பல அளவுகளில் இருக்க வேண்டும். பாய்த்துணியின் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். கப்பிகளின் துளைக்குள் நூல் போகிறதா என்று கோர்த்துப் பாருங்கள்.

ஐந்தாவது வரைபடம். அளவெடுத்து வெட்டக்கூடிய முழு அளவு வரைபடமா, சுருக்கிய போட்டோப் பிரதியா? விளக்கம் நமக்குத் தெரிந்த மொழியில் இருக்கிறதா? இல்லையென்றால் ஒவ்வொரு படிக்கும் படமாவது வேண்டும். முதன்முதலில் செய்பவருக்கு ஒற்றைப் பாய்மரப் படகு போதும். அதற்கே வாரக்கணக்கில் வேலை இருக்கும். மூன்று பாய்மரக் கப்பலில் தொடங்கினால் பாதியில் விட்டுவிட நேரும்.

பொருளைப் பார்த்தபின் பேச்சையும் பார்க்க வேண்டும். "திருப்பி வாங்குவோம்" என்று சொன்னவரிடம், என்ன விலைக்கு, எத்தனை நாளுக்குள், எப்படி இருந்தால் ஏற்பீர்கள் என்று எழுதிக் கேட்குமாறு அக்காவிடம் சொன்னேன். எழுதித் தர அவர் சம்மதிக்கவில்லை. சகோதரிகளே, பெட்டி விற்றதோடு அவருடைய லாபம் முடிந்துவிட்டது. நம்முடைய வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. கோணல் ஏராவைத் திருத்துவதில் போகும் நாட்களும் நம்முடைய நாட்களே.

மொரிசியஸ் தீவில் மாதிரிக் கப்பல் செய்வது 1960களின் இறுதியில் தொடங்கிய ஒரு தொழில். அங்குள்ள பட்டறைகளில் கயிறு கட்டுவதும் பாய் தைப்பதும் பெரும்பாலும் பெண்கள். பாய்த்துணிக்குப் பழைய தோற்றம் வரத் தேயிலைச் சாயத்தில் நனைப்பார்கள். அங்கே மரத்துக்குக் காசு போடுவது பட்டறை. பெண்கள் தருவது உழைப்பு. இங்கே காசும் நாம், உழைப்பும் நாம், நட்டமும் நாம் என்றால் அது சுயதொழில் ஆகாது.

எதை வாங்கினாலும் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் வர்த்தகர் அதைக் கொடுக்கவே வேண்டும். பொருள் பழுது என்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பற்றுச்சீட்டு இல்லாமல் போனால் வாங்கியதைக் காட்டுவது கடினம்.

அக்கா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு கண்டி வாவிக்கரைக் கைப்பணிக் கடைகளை இருவருமாகச் சுற்றி, என்ன விற்கிறது, என்ன விலை என்று கேட்டோம். இப்போது மரக்காலையில் கழிவுத்துண்டு வாங்கி, உள்ளங்கை அளவில் ஒற்றைப் பாய்மரப் படகு செய்கிறார். முதலாவது இன்னும் விற்கவில்லை. ஆனால் ஏரா நேராக இருக்கிறது. சீட்டுக்காசும் மகளின் பெயரில் வங்கியில் இருக்கிறது.

தையல், மணிமாலை, பொம்மை என்று உங்கள் ஊரில் எந்தப் பெட்டி வந்தாலும் காசு கொடுக்குமுன் திறந்து பாருங்கள். திறக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.